பழைய சரக்கு மோட்டாரில் டீசல் சிக்கனம்

பயிரை விளைவிப்பதோடு குடியானவரின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் வாங்குவோர் கைக்குப் போய்ச் சேரும் வரையில் அதன்மேல் செலவு ஏறிக்கொண்டேயிருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் முதலிய கிராமங்களிலிருந்து நெல்லும் காய்கறியும் பெரும்பாலும் ‘பிக்கப்’ என வழங்கும் சிறு சரக்கு மோட்டார்களிலேயே காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டிற்கும், சென்னைக் கோயம்பேட்டு மார்க்கெட்டிற்கும் செல்லுகின்றன. இவ்வண்டிகளில் பல, ஆண்டு பத்துக்கு மேல் ஓடியவை. பிறரிடமிருந்து பழையனவாக வாங்கப்பட்டவை. கத்தரிக்காயின் விலை இறங்கிய நாளில் டீசல் செலவு போக மிஞ்சுவது, காய் பறித்த கூலிக்கும் போதாமற் போவதுண்டு. புதிய வண்டி வாங்குவது எல்லாருக்கும் இயலாது. உள்ள வண்டியைக் கொண்டே செலவைக் குறைக்கும் வழிகள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

எரியெண்ணெய் அருமையாவது இந்நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டில், இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பஸ்களும் லாரிகளும் மரக்கரியிலிருந்து உண்டாக்கிய வாயுவினால் ஓட்டப்பட்டன. மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஸ்தாபனத்தார் அதற்குரிய வாயுக் கலங்களைச் செய்தளித்தனர். பெட்ரோலில் கிடைத்த சக்தி கரிவாயுவில் கிடைக்கவில்லை. ஆகவே பாரத்தை அளவறிந்து ஏற்றுதல், வடிகட்டிகளைத் தவறாமல் சுத்தஞ் செய்தல், வண்டியைத் தடையின்றி உருளும்படி வைத்திருத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதனவாயின. இன்று டீசல் தாராளமாகக் கிடைப்பினும், விலையை நோக்குமிடத்து அம்மூன்று வேலைகளே இன்றைக்கும் சிக்கனத்திற்கு ஆதாரமாகின்றன.

கணக்கே முதல்

வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை அநேகர் உத்தேசமாகவே சொல்லுகின்றனர். உத்தேசம் பயன்படாது. டாங்கியை நிரப்பி, தூரங்காட்டும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே பங்கில் அதே அளவிற்கு நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை, இப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை கண்டு சராசரி எடுத்தால் உண்மை விளங்கும். மீட்டர் ஓடாத வண்டியில் அதைப் பழுது பார்ப்பதே முதல் வேலை.

ஒரு குடியானவர் கோயம்பேட்டிற்குப் போய் வர 150 கிலோமீட்டர் ஆகிறதெனக் கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 15 லிட்டர் வேண்டும். அதையே 12 கிலோமீட்டராக உயர்த்தினால் 12½ லிட்டர் போதும். நடைக்கு 2½ லிட்டரும், நூறு நடைக்கு 250 லிட்டரும் மிச்சமாகும். ஆனால் 14 கிலோமீட்டர் ஓடும் நல்ல வண்டியை 16 ஆக்கினாலோ, நடைக்கு மிச்சமாவது சுமார் 1⅓ லிட்டரே. உயர்வு இரண்டிலும் 2 கிலோமீட்டர்தான். எனினும் மிகுதியாகக் குடிக்கும் வண்டியிலேயே திருத்தத்தின் பலன் அதிகம். ஆகையால் ‘பழைய வண்டிதானே’ என்று அசட்டை செய்வது நஷ்டத்திற்கே வழியாகும்.

சக்கரங்கள் இலேசாக உருள வேண்டும்

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதால் சூடேறுகிறது. அந்தச் சூடு டீசல் கொடுத்த சக்தியேயாம். டயரின் ஓரங்களும் சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும், பாரமுள்ளபோதும் இல்லாதபோதும், எவ்வளவு காற்று வேண்டுமென்பதை வண்டி செய்தோர் கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ குறித்திருப்பர். வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும் காலையில், அளவு பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்றின் அழுத்தம் ஏறிக் காட்டுமாதலால் அவ்வளவு சரியன்று. டயர் ஒரு பக்கமே தேய்ந்தால் சக்கரங்களின் நேர்மை தவறியிருக்கிறதென அறிந்து சீர்செய்விக்க வேண்டும்.

பழைய வண்டிகளில் பிரேக் முழுதும் விடாமல் உராய்ந்துகொண்டேயிருப்பது சாதாரணம். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அதிகமாக அழுத்திப் பழகிவிடுவதால் இது புலப்படுவதில்லை. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின், சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே, தொடாமல், கையைக் காட்டிப் பார்க்கலாம். மற்றவற்றைவிட ஒன்று மிகச் சூடாயிருப்பின் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கைப்பிரேக்கின் கம்பி துருவேறி இழுபட்டு நிற்பதும் உண்டு. பாவில் இழை அறுந்தால் காஞ்சிபுரத்து நெசவாளர் அப்போதே பிணைக்கிறார். நெய்து முடித்தபின் பார்ப்போமென விடுவதில்லை. வண்டியின் சிறு குறைகளுக்கும் அதுவே முறை.

இஞ்சினில் கவனிக்க வேண்டியவை

டீசல் முழுதும் எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியும் மண் சாலைப் புழுதியும் ஏர் பில்டர் என்னும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். பாரமேற்றி மேட்டில் ஏறுகையில் கரும்புகை வருவது, டீசல் எரியாமல் வீணாவதற்கு அடையாளம். வடிகட்டியைச் சுத்தஞ் செய்து, தேய்ந்ததாயின் மாற்றிய பின்பும் கரும்புகை நிற்காவிட்டால், டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களைப் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் சோதிப்பிக்க வேண்டும். நீலப்புகை வருமாயின் இஞ்சின் ஆயில் எரிகிறதென்று அறிக.

இந்நாட்டு வெயிலுக்கு வேண்டாமென்று சொல்லி, தெர்மோஸ்டாட் என்னும் உஷ்ணக் கட்டுப்பாட்டு வால்வைச் சிலர் கழற்றி விடுகின்றனர். இது தவறு. இஞ்சின் தனக்குரிய உஷ்ணத்தை அடையாவிட்டால் டீசல் அதிகம் செலவாவதோடு உள்ளுறுப்புகளும் தேயும். வண்டி கொதித்தால் அதற்குக் காரணத்தை ரேடியேட்டரிலும் தண்ணீர்ப் பம்பிலும் விசிறிப் பட்டையிலும் தேட வேண்டும். வால்வைக் கழற்றுவது பரிகாரமாகாது.

டீசல் குழாய்களில் கசிவு உண்டா என்று பார்ப்பதும் அவசியம். வினாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் ஒரு நாளில் 86,400 துளிகள் போகும். அது 2 லிட்டருக்குக் குறையாது. வண்டி நிற்குமிடத்தில் இரவு ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால் மறுநாள் காலை உண்மை தெரிந்துவிடும்.

ஓட்டும் முறை

வேகம் மிகும்போது காற்றின் எதிர்ப்பு அவ்வேகத்தின் வர்க்கத்தையொட்டி மிகுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பைவிட 80இல் உள்ள எதிர்ப்பு ஏறக்குறைய 1¾ மடங்காகும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 75 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்தில் தடையின்றி ஓட்டினாலும் மிஞ்சுவது 19 நிமிஷமே. 1978இல் ஏற்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையுள்ள வேகத்தைச் சிக்கனமானதெனக் கூறிவருகிறது. கூடைகளைக் கூண்டிற்கு மேல் உயர அடுக்குவதும், தார்ப்பாயைக் காற்றில் படபடக்க விடுவதும் எதிர்ப்பை வளர்க்கும். வெறும் வண்டியில் பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று எளிதாய்ப் போகுமென்பது தப்பெண்ணம். கதவு மூடியிருக்கையில் தொட்டிக்குள் காற்று தானே சுழன்று நின்று, மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது.

கிளச்சின்மேல் காலை வைத்தபடி ஓட்டுதல், முன்னே தடை தெரிந்தும் கடைசி வரை விரைந்து பின் பிரேக்கை அழுத்துதல் ஆகியவை டீசலைச் சூடாக்கிக் கொட்டுவதற்குச் சமானம். மேம்பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இஞ்சினை நிறுத்துவதும் மிக அபாயகரமானவை. கியரிலிருந்தபடியே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பம்பு டீசலைத் தானே நிறுத்துகிறது; நியூட்ரலிலோ இஞ்சின் சுற்றுவதற்கு டீசல் வேண்டியிருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டால் பிரேக்கின் உதவி சக்தியும் குன்றும். மார்க்கெட்டில் சரக்கு இறங்கக் காத்திருக்கும் வண்டி, நின்றபடியே மணிக்கு அரை லிட்டர் அளவும் அதற்கு மேலும் குடிக்கும். டர்போ உள்ள இஞ்சினை, கடுமையாக ஓடி வந்த பின் ஒரு நிமிஷம் மெதுவாகச் சுற்றவிட்டு நிறுத்துவது நலம்.

பாரமும் திரும்பும் வண்டியும்

லிட்டருக்கு ஓடும் தூரத்தைவிட முக்கியமானது, ஒரு குவிண்டாலைக் கொண்டுசேர்க்க ஆகும் டீசல். மேற்சொன்ன 15 லிட்டரில் 10 குவிண்டால் ஏற்றிச் சென்றால் குவிண்டாலுக்கு 1½ லிட்டர். 5 குவிண்டாலே ஏற்றினால் ஏறத்தாழ 3 லிட்டர். அண்டை நிலத்தார் இருவர் அரை வண்டிச் சரக்கோடு தனித்தனியே போவதை விட்டு ஒரே வண்டியில் சேர்ந்து போனால், மிச்சமாவது ஒரு நடையின் டீசல் முழுவதுமாகும். எந்தப் பட்டறையும் இவ்வளவு மிச்சம் தர இயலாது. திரும்பும்போது உரமோ விதையோ வேறு சாமானோ ஏற்றி வருவதும் அத்தகையதே. ஆயினும் அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றுவது சிக்கனமன்று. அது சட்ட விரோதம் என்பதோடு டயரையும் பிரேக்கையும் கெடுத்து உயிருக்கும் ஆபத்தை விளைவிக்கும்.

கடைகளில் விற்கும் அற்புதங்கள்

டீசல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கியில் ஊற்றும் மருந்து முதலியவற்றை வாங்கிப் பணத்தை இழப்போர் பலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறப் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்ததில், சிறிதேனும் பயன்பட்டவை மிகச் சிலவே. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதோ, மெருகுநயம் குறைந்து பம்பையே தேய்த்துவிடும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அதற்காகப் பட்டறைக்குச் செல்லும் சமயத்திலேயே பிரேக், பேரிங், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சோதிப்பித்துக்கொண்டால் தனிச் செலவு ஏற்படாது. மற்றவற்றிற்கு வேண்டியவை காற்றளக்கும் கருவி ஒன்றும், கணக்கெழுத ஒரு சிறு நோட்டுப் புத்தகமுமே. நவரை நெல் களத்திற்கு வருமுன் குடியானவர்கள் அந்நோட்டில் முதல் வரியை எழுதத் தொடங்குவார்களாயின், அறுவடை முடியும்போது வண்டி எவ்வளவு தின்றது, எவ்வளவு மீதமாயிற்று என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.