நான்கு பொட்டலம் தேயிலை

கையில் காசில்லாமல் தில்லியிலிருந்து வாஷிங்டன்வரை சென்ற இரு இந்தியர்கள், உலகக் குடிமகன் என்ற சொல்லுக்கு நடந்தே பொருள் சொன்னார்கள்.

பெங்களூரில் ஒரு காபிக் கடை. ஆண்டு 1961. இரண்டு இளைஞர்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்கள். அணு ஆயுத எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக லண்டனில் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சிறையில் அடைக்கப்பட்டார் என்பது செய்தி. அவருக்கு வயது 89. இந்த வயதில் அவர் சிறைக்குப் போகும்போது நாம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் இருவரையும் பிடித்துக்கொண்டது.

ஒருவர் சதீஷ் குமார். ராஜஸ்தானில் ஸ்ரீ டுங்கர்கரில் 1936இல் பிறந்தவர். 9 வயதில் ஜைனத் துறவியாகி, காந்தியின் எழுத்தைப் படித்துவிட்டு 18 வயதில் துறவையே துறந்து, வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்கு வந்தவர். மற்றவர் கேரளத்தைச் சேர்ந்த இ.பி. மேனன். அன்று அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு. அவற்றின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டனுக்கு நடந்தே போய், குண்டைக் கைவிடும்படி கேட்பதென்று முடிவு செய்தார்கள். ஆசி பெறப் போனபோது வினோபா சொன்ன யோசனை விசித்திரமானது: கையில் பணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விசித்திரம்தான், ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. பணம் இருந்தால் விடுதியில் தங்கிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால், பொழுது சாய்ந்ததும் முன்பின் தெரியாத ஒருவரின் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். யார், எங்கிருந்து, எதற்காக என்று அவர் கேட்பார். பிரசாரம் அங்கேயே ஆரம்பமாகிவிடும். இவர்கள் சைவம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும். உயிரைக் கொல்ல மாட்டோம் என்று தொடங்கும் பேச்சு அணுகுண்டில் வந்து நிற்கும்.

1962இல் காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டார்கள். முதல் சோதனை பாகிஸ்தான் எல்லையில். வழியனுப்ப வந்த நண்பர் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார்: பகை நாட்டில் யார் சோறு போடுவார்கள்? சதீஷ் வாங்க மறுத்தார். அது சோற்றுப் பொட்டலம் அல்ல, சந்தேகப் பொட்டலம் என்பது அவர் கட்சி. எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள், இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஒருவர் லாகூரில் உள்ள தன் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்தார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார் சதீஷ்.

ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாகச் சோவியத் யூனியனின் காகசஸ் பகுதியை அடைந்தபோதுதான் பயணத்துக்குப் புதிய பொருள் கிடைத்தது. ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வெளியே சந்தித்த பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தார்கள். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கொன்று. குண்டுக்கான பொத்தானை அழுத்தும் எண்ணம் வந்தால், ஒரு நிமிஷம் நின்று இந்தத் தேநீரைக் குடிக்க வேண்டும் என்பது கூடவே அனுப்பிய செய்தி.

அதுவரை இரண்டு இந்தியர்களின் லட்சியமாக இருந்தது, அந்தக் கணத்திலிருந்து பெயர் தெரியாத தொழிலாளிப் பெண்கள் ஒப்படைத்த காரியமாகிவிட்டது. இன்று உலகக் குடிமகன் என்றால், பாஸ்போர்ட் நிறைய விசா முத்திரைகளும் எந்த விமான நிலையத்திலும் தடுமாறாத ஆங்கிலமும் உள்ளவர் என்று ஆகிவிட்டது. அவர் எல்லா ஊரிலும் வாடிக்கையாளர். எந்த ஊருக்கும் கடன்பட்டவர் அல்ல. இவர்களோ படுத்த இடம், உண்ட சோறு எல்லாவற்றுக்கும் கடன்பட்டு நடந்தார்கள்.

மாஸ்கோவைக் கடந்து பாரிஸ் போனார்கள். அங்கே அதிபர் மாளிகைக்கு முன் ஆர்ப்பாட்டம் செய்ததற்காகச் சிறை. பிரிட்டனில் ரஸ்ஸலைச் சந்தித்தார்கள். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க அவர் உதவினார். 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். தில்லியில் ஒரு சமாதியில் தொடங்கி சுமார் 8,000 மைல் நீண்ட பயணம், 1964 ஜனவரியில் ஆர்லிங்டனில் கென்னடியின் சமாதியில் முடிந்தது. இரண்டு பேருமே துப்பாக்கிக்குப் பலியானவர்கள்.

பலன் என்ன என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இவர்கள் நடந்துகொண்டிருந்த 1962 அக்டோபரில்தான் கியூபா விவகாரத்தில் உலகம் அணுப்போரின் விளிம்புக்குப் போனது. அதே மாதம் இந்தியாவும் சீனாவும் போரில் இறங்கின. பயணம் முடிந்த 1964இலேயே சீனா குண்டு வெடித்தது. காந்தி பிறந்த நாடு 1974இலும் 1998இலும் பொக்ரானில் சோதனை நடத்தியது. எந்த அரசும் இரண்டு பாதசாரிகளுக்காகத் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனாலும் சதீஷ் தோற்றவரைப் போல வீடு திரும்பி முடங்கிவிடவில்லை. 1973இல் இங்கிலாந்தில் ‘ரிசர்ஜன்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, 2016வரை சுற்றுச்சூழலுக்காகவும் அமைதிக்காகவும் எழுதினார். 50ஆவது வயதில் மறுபடியும் காசில்லாமல் பிரிட்டனைச் சுற்றி நடந்தார். உலகைத் திருத்திவிட்டோமா என்பதல்ல, கதவைத் தட்டினோமா என்பதே அவருக்கு அளவுகோலாக இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகோல் இருப்பவருக்கு விரக்தி கிடையாது, ஓய்வும் கிடையாது.

இன்று அதே பயணம் கிளம்புகிறவருக்கு நான்கு பொட்டலம் போதாது. அணு ஆயுத நாடுகள் இப்போது ஒன்பது. அவற்றிடம் உள்ள குண்டுகள் சுமார் 12,000. முதல் பொட்டலத்தைக் கொடுக்க எல்லை தாண்ட வேண்டியதும் இல்லை. தில்லியிலேயே கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.