ஒரு முடிக்குள் மூன்று பாதைகள்

மாணவர்களே, பழைய கணினி விளையாட்டு ஒன்றில் வரும் கதாபாத்திரத்தின் தலைமுடியைக் கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் தொப்பியைக் கவிழ்த்தது போல இருக்கும். இன்றைய அசைவூட்டப் படங்களிலோ கையால் கோதிவிடலாம் போலத் தோன்றும். கணினியின் வேகம் கூடியது மட்டும் இதற்குக் காரணமன்று. நீங்கள் படிக்கும் ஒளிவிலகல் பாடத்திற்கும் இதில் பங்குண்டு.

1989இல் ஜேம்ஸ் கஜியா, திமோத்தி கே ஆகிய இருவரும் ஒரு கரடி பொம்மையின் ரோமத்தைக் கணினியில் உருவாக்கிக் காட்டினர். அவர்களின் கணக்கில் ஒவ்வொரு முடியும் ஒளி புகாத மெல்லிய உருளை. இந்த முறை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

உண்மையான முடி அப்படிப்பட்டதா? வெயில் படும் சன்னலுக்கு முன் நிற்கும் நண்பரைப் பாருங்கள். கறுப்பு முடியின் ஓரம் பழுப்பாக ஒளிரும். ஒளி முடிக்குள் புகுந்து வெளியேறுகிறது என்பதற்கு அதுவே சான்று. முடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, சாதாரணக் கண்ணாடியின் எண்ணும் இதற்கு மிக அருகில்தான்.

2003இல் ஸ்டீவ் மார்ஷ்னர் குழுவினர், ஒற்றை முடியின்மீது ஒளியைப் பாய்ச்சி, எந்தத் திசையில் எவ்வளவு ஒளி வருகிறது என அளந்தனர். முக்கியமாக மூன்று பாதைகள் தெரிந்தன.

முதல் பாதை: ஒளி மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. இது விளக்கின் நிறத்திலேயே இருக்கும்.

இரண்டாம் பாதை: ஒளி விலகி உள்ளே நுழைந்து, மறுபுறம் வெளியேறுகிறது. சன்னலோரப் பழுப்பு ஒளி இதுதான்.

மூன்றாம் பாதை: உள்ளே நுழைந்த ஒளி பின்சுவரில் பட்டுத் திரும்பி, முன்புறமாக வெளிவருகிறது. வழியில் மெலனின் நிறமி ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால் இந்த ஒளியில் முடியின் நிறம் ஏறியிருக்கும்.

முடி வழவழப்பான உருளையாக இருந்தால் முதல், மூன்றாம் பாதைகளின் பளபளப்பு ஒரே இடத்தில் விழும். ஆனால் முடியின் மேல் கூரை ஓடுகள் போலச் செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் சாய்வு சுமார் 3 பாகைதான். அந்தச் சிறு சாய்வே இரண்டு பளபளப்பையும் பிரித்துவிடுகிறது. பழைய கணக்கில் இல்லாதது இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒரு முடியிலிருந்து வெளிவரும் ஒளி அடுத்த முடிக்குள் நுழைகிறது. பொன்னிற முடியில் இது மிக முக்கியம். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பொன்னிறம் மங்கிக் கருத்துவிடும். கறுப்பு முடியில் மெலனின் அதிகம் என்பதால் ஒளி விரைவில் உறிஞ்சப்படுகிறது.

இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசி விளக்கை உங்கள் முடிமீதும், அனுமதி கேட்டுப் பாட்டியின் நரைமுடிமீதும் காட்டுங்கள். உங்கள் முடியில் வெண்ணிறப் பளபளப்பே மேலோங்கித் தெரியும். நரைமுடியிலோ உள்ளிருந்து திரும்பும் ஒளியும் நிறமின்றி வெண்மையாகவே வரும். ஏன் என்று மூன்றாம் பாதையைக் கொண்டு விளக்க முடிகிறதா?