உயரமான வாடிக்கையாளருக்கு பி.எம்.எக்ஸ். சைக்கிள்: அளவு பார்த்து விற்போம்

சைக்கிள் வியாபாரத்தில் உள்ள நமக்கு அளவு என்பது புதிய பாடம் அல்ல. கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளை 22 அங்குலம், 24 அங்குலம் என்று சொல்லித்தான் விற்று வந்திருக்கிறோம். இரண்டுக்கும் சக்கரம் அதே 28 அங்குலம். மாறுவது பிரேமின் உயரம் மட்டுமே. உயரமான ஆளுக்கு 24 எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970-களின் தொடக்கத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்து மண்பாதையில் ஓட்டிய சிறுவர்களிடம் வளர்ந்த சைக்கிள் இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதற்குப் பந்தயம் வைத்தார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சாகசப் பிரிவும் சேர்ந்தது. ஆறடி வீரர்களும் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பி.எம்.எக்ஸ். மாடல் என்று நம் கடைகளில் நிற்கும் 20 அங்குல வண்டிகளில் பல, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானவை. சக்கரம் ஒன்றே என்பதால் அதையே கல்லூரி மாணவனுக்கும் தள்ளிவிடுகிறோம்.

மேல் பார்தான் அளவு

பி.எம்.எக்ஸ்.ஸில் அளவு என்பது மேல் பாரின் நீளம். சீட் குழாயின் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் மையம் வரை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். பொதுவான கணக்கு இது:

5 அடி 4 அங்குலம் முதல் 5 அடி 8 அங்குலம் வரை: 20.5 முதல் 20.75 அங்குலம்.
5 அடி 8 அங்குலம் முதல் 6 அடி வரை: 20.75 முதல் 21 அங்குலம்.
6 அடிக்கு மேல்: 21 முதல் 21.5 அங்குலம் அல்லது அதற்கும் மேல்.

கால் அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். பார் குட்டையானால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், முதுகு கூனும். ஹேண்டில்பார் உயரமும் முக்கியம். நெட்டையானவருக்கு 9 அங்குலத்துக்குக் குறையாத ஹேண்டில்பார் வசதி. கிராங்க் 175 மில்லிமீட்டர் சரியாக இருக்கும்.

சீட்டை உயர்த்தி விற்காதீர்கள்

வாடிக்கையாளர் உயரம் என்றால் சீட் பில்லரை மேலே இழுத்து முடுக்கிக் கொடுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். இது ஆபத்து. பில்லரில் குறைந்தபட்ச அளவுக் கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லாவிட்டால் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். மேலே இழுத்த பில்லர் பள்ளத்தில் இறங்கும்போது வளையலாம், முறியலாம், பிரேமும் விரியலாம். விழுவது ஒரு வீட்டுப் பிள்ளை. அதன் பிறகு எந்த வாரண்டி சீட்டும் நம் பெயரைக் காப்பாற்றாது.

உண்மையில் பி.எம்.எக்ஸ். நின்று ஓட்டும் வண்டி. குதிக்கும்போது தடுக்காமல் இருக்கவே சீட்டைத் தாழ வைத்திருக்கிறார்கள். தினமும் உட்கார்ந்து கல்லூரிக்குப் போக வேண்டும் என்பவரிடம், "தம்பி, உனக்கு இது வேண்டாம், சரியான பிரேமில் சாதாரண சைக்கிள் எடுத்துக்கொள்" என்று சொல்வதே நல்ல வியாபாரம்.

எடையையும் கவனியுங்கள்

உயரமானவருக்குப் பெரும்பாலும் எடையும் கூடுதல். குதித்து ஓட்டுபவர் என்றால் குரோமோலி பிரேமும், பின்சக்கரத்துக்கு 14 மில்லிமீட்டர் அச்சும் உள்ள வண்டியைக் காட்டுங்கள். பிள்ளைகள் வண்டியின் மெல்லிய அச்சு அந்தப் பாரத்துக்குத் தாங்காது.

இரண்டு நிமிடச் சோதனை

பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து வாடிக்கையாளரை நிற்கச் சொல்லுங்கள். வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பும்போது முழங்காலில் படக்கூடாது. முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தொலைபேசியில் படம் பார்த்து வாங்குபவருக்கு இந்தச் சோதனையை யாரும் செய்து தருவதில்லை. கடை வைத்திருக்கும் நமக்கு மிஞ்சியுள்ள பலம் இதுதான்.

24 அங்குலச் சக்கரம் போட்ட பெரிய பி.எம்.எக்ஸ்.களும் உண்டு, அவற்றை குரூசர் என்பார்கள். சாகசம் வேண்டாம், பந்தயப் பாதையில் ஓட்டினால் போதும் என்னும் நெட்டையான ஆளுக்கு அவை பொருந்தும். ஆனால் இங்கே 24 என்பது சக்கரம், பிரேம் அல்ல. ஆகவே மொத்தக் கடைக்கு ஆர்டர் எழுதும்போது சக்கர அளவு, மேல் பார் நீளம் இரண்டையும் குறித்து அனுப்புங்கள். எங்களுக்கும் சரக்கு மாறாது, உங்களுக்கும் திரும்பி வராது.