இறந்த அடகு

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திடும் பலர், 'மார்ட்கேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளை அறிந்திருப்பதில்லை. பழைய பிரெஞ்சு மொழியில் 'மார்ட்' என்றால் இறந்தது. 'கேஜ்' என்றால் அடகு. ஆக, 'இறந்த அடகு'.

இறந்தது எது? ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் 1628-இல் தந்த விளக்கம் இது: கடனை அடைக்காவிட்டால், கடன்பட்டவரைப் பொறுத்தவரை நிலம் இறந்தது, அடைத்துவிட்டால், கடன் கொடுத்தவரைப் பொறுத்தவரை அடகு இறந்தது.

அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் முந்தைய கிளான்வில் சட்ட நூல் வேறு காரணம் கூறுகிறது. அடகு நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவித்தும் கடன் குறையாவிட்டால், அது இறந்த அடகு. நம் ஊர் ஒத்தியும் ஏறத்தாழ இத்தகையதே: விளைச்சல் வட்டிக்குச் சரியாகிவிடும், அசல் அப்படியே நிற்கும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பழைய விளக்கத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளுக்கு, 20 லட்சம் ரூபாய் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 18,000 ரூபாய். முதல் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் 3,000 மட்டுமே. எனவே, கையெழுத்திடும் முன் தவணை எவ்வளவு என்பதோடு, அதில் அசல் எவ்வளவு கழியும் என்பதையும் கேட்டறியுங்கள்.