புதிய கோப்பு எந்தக் குழுவுக்குச் சொந்தம்?

மாணவர்களே, கிள்ளானில் ஒரு பள்ளியின் கணினிக்கூடத்தில் நடந்தது இது. தமிழ்மொழிக் கழக இதழைத் தயாரிக்க நான்கு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஒரு பொதுக் கோப்புறையையும் "இதழ்" என்ற குழுவையும் உருவாக்கி, நால்வரையும் அதில் சேர்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

படிவம் 4 மாணவி ஒருவர் தம் கட்டுரையை அந்தக் கோப்புறையில் எழுதி வைத்தார். பிழை திருத்த வந்த தோழிக்கோ கோப்பு திறந்தது; திருத்தியதைச் சேமிக்கத்தான் முடியவில்லை. வேறு வழியின்றி வேறு பெயரில் சேமித்தார். மறுநாள் அச்சுக்குப் போனது எது தெரியுமா? பிழையோடு இருந்த பழைய கோப்பு!

நால்வரும் ஒரே குழுதானே, பிறகு ஏன் தடை?

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று உண்டு. இவர்களைத் தவிர மற்றவர்கள் மூன்றாம் தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மூன்று தரப்புக்கும் தனித்தனியாக அனுமதி எண் உண்டு. கோப்பை உருவாக்கியவரே உரிமையாளர், அதில் குழப்பமில்லை. குழு எது என்பதில்தான் சிக்கல்.

குடியுரிமையை நினைத்துப் பாருங்கள். கனடாவில் பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் பிறந்த இடத்தை வைத்தே குடியுரிமை கிடைக்கிறது. மலேசியாவில் பெற்றோர் யார் என்று பார்க்கிறார்கள். கோப்புக்கும் இப்படி இரண்டு வழிகள் உண்டு.

இரண்டு வழிகளும் யூனிக்ஸ் இயங்குதளத்தின் இரு கிளைகளில் வளர்ந்தவை. 1983இல் ஏடி அண்ட் டி நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ், உருவாக்கியவரின் குழுவையே கோப்புக்குக் கொடுத்தது. அதே ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டியில் ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கலாம். அப்படியானால் அவருடைய கோப்புக்கு எந்தக் குழு? கோப்புறையின் குழுதான் என்றது பெர்க்லி. ஆப்பிளின் மாக் கணினிகள் இன்றும் பெர்க்லி வழியில்தான் நடக்கின்றன. (அந்த மாக் கணினியில் உள்ள இணைமதி என்ற தமிழ் எழுத்துருவை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன்!)

லினக்ஸ் வழக்கமாகச் சிஸ்டம் ஃபைவ் வழியில் போகும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக்குழுவும் உண்டு. மாணவியின் கட்டுரை அந்தத் தனிக்குழுவுக்குப் போய்விட்டது. குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் அவர் ஒருவர் மட்டுமே! தோழி "மற்றவர்கள்" தரப்பில் நின்றார்.

இரண்டு வழிகளையும் இணைக்கும் உத்தி ஒன்று உண்டு: செட்ஜிஐடி. கோப்புறையின் குழுவை "இதழ்" என்று வைத்து, அனுமதி எண்ணை 2775 என மாற்றினேன். பின்னால் வரும் மூன்று எண்கள் மூன்று தரப்புக்கும் உரிய அனுமதி. 7 என்பது 4, 2, 1 மூன்றின் கூட்டல். முன்னால் நிற்கும் 2தான் செட்ஜிஐடி. "இங்கே பிறக்கும் கோப்புக்கு இந்தக் கோப்புறையின் குழுவே" என்று அது சொல்கிறது. அதன்பிறகு உள்ளே உருவாக்கும் புதிய கோப்புறைகளுக்கும் அந்தக் குணம் தானாக வந்துவிடும். ஏற்கெனவே இருப்பவை மாறா. அவற்றை நாமே மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய கோப்பில் எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று யுமாஸ்க் என்ற எண் முடிவு செய்கிறது. அது 022 என்றிருந்தால் குழு சரியாக அமைந்தும் எழுத முடியாது. 002 என்றிருக்க வேண்டும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு மாணவரின் கோப்பு மட்டும் அடம்பிடித்தது. விசாரித்தால், தம் சொந்தக் கோப்புறையில் எழுதியதை அவர் அப்படியே பொதுக் கோப்புறைக்கு நகர்த்தியிருக்கிறார். ஒரே வட்டுக்குள் நகர்த்தும்போது புதிதாக எதுவும் பிறப்பதில்லை. கோப்பு பழைய குழுவோடுதான் வரும். நகலெடுத்து ஒட்டச் சொன்னேன். நகல் புதிய கோப்பு அல்லவா? உடனே "இதழ்" குழுவில் சேர்ந்துகொண்டது.