கண்ணீர் கர்ணனுக்கு மட்டுமா?

நடுவர் அவர்களே! 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமை காலையில தெருவே காலி! தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 94 பகுதி. வசனம் இந்தி, நம்மில் பல பேருக்குப் புரியாது. ஆனா அழ வேண்டிய இடத்துல சரியா அழுதோம்!

அதிகம் அழுதது யாருக்கு? கர்ணனுக்கு. குலம் என்னன்னு கேட்டு அரங்கத்தில் தலைகுனிய வைத்தபோது, அங்க தேசத்தைக் கொடுத்துத் தூக்கிவிட்டவன் துரியோதனன். அந்த நன்றிக்காக உயிரையே கொடுத்தான் என்றார்கள் எதிரணி நண்பர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனா, திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த அன்னிக்கு? பீஷ்மர் ஏன் தடுக்கலைன்னு வீட்டுக்கு வீடு கோபப்பட்டோமே! அதே சபையில் எழுந்து, இது தர்மம் இல்லை என்று சொன்னவன் ஒருத்தன் உண்டு. விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. வியாச பாரதத்தில் அவனை அதட்டி அடக்கியது யார் தெரியுமா? நாம அழுதோமே, அதே கர்ணன்!

விகர்ணன் கட்சி மாறலை. அண்ணன் பக்கமே நின்று போர் செய்து, பீமன் கையால் செத்தான். ஆக, விசுவாசமாவும் இருக்கலாம். தப்பைத் தப்புன்னும் சொல்லலாம்.

சோறு போட்டவன் தப்பு செய்யும்போது கையைப் பிடிச்சுத் தடுக்கிறதும் நன்றிதான் ஐயா! கர்ணனுக்கு விட்ட கண்ணீரில் ஒரு சொட்டை விகர்ணனுக்கும் விடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.