பயந்த பிள்ளையும் பாயும்

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ, கட்டொழுங்கு ஆசிரியர் அறை வாசலில் ஒரு பையன் நிற்கிறான் என்று வையுங்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு வகுப்பிலிருந்து வெளியேறியவன். 'பயமே இல்லாத பிள்ளை' என்று பள்ளியும் சொல்லும், வீடும் சொல்லும். பயந்துதான் அப்படிச் செய்தானோ என்று கேட்க நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

தோன்ற வேண்டும். 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மலேசிய மாணவர்களில் 39.7 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. அது மாணவர்களே பதில் எழுதிய கேள்வித்தாள். மருத்துவர் உறுதி செய்த நோய்க் கணக்கு அல்ல. ஆனாலும் ஐந்தில் இருவர்! அத்தனை பேரும் மூலையில் ஒடுங்கியா உட்கார்ந்திருக்கிறார்கள்?

நியூயார்க்கில் மூளை ஆய்வாளர் பி.ஜே. கேசியின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. கணினித் திரையில் முகங்கள் வரும். அச்சம் தெரியும் முகம் வந்தால் பொத்தானை அழுத்தக்கூடாது. சிறுவர்களையும் பெரியவர்களையும் விடப் பதின்ம வயதினரே கையை அடக்க முடியாமல் அழுத்தினார்கள். ஆண்பிள்ளைகளிடம் அது இன்னும் கூடுதல். ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் பின்வாங்காமல் முன்னே பாய்கிற வயது அது. அச்சத்தை எழுப்பும் பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் இயங்குகிறது. நிறுத்திச் சிந்திக்கச் சொல்லும் நெற்றிப்புற மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சுமை ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவன், மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, 14 வயதில் முதலாம் படிவத்துக்கு வருகிறான். எழுந்து நின்று மலாய்ப் பத்தியை வாசிக்கச் சொல்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். வெளியே ஓடியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். ஓடினால் பயம் போகும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் ஓடுகிறான். பிறகு வீட்டுக்குத் தொலைபேசி, அப்பாவின் ரோத்தான், மறுநாள் பள்ளிக்குப் போகவே பயம். ரோத்தான் அந்தப் பயத்தைத்தான் வளர்க்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

பதற்றமுள்ள எல்லாப் பிள்ளைகளும் பாய்வதில்லை. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடும் பெண்பிள்ளையும் இதே பயத்தில்தான் இருக்கிறாள். அவசரப்படும் பிள்ளைகள் எல்லாரும் பயந்தவர்களும் அல்லர். கவனக்குறைபாடு உள்ளவனுக்குத் தேவைப்படும் உதவி வேறு. அதனால்தான் 'ஏன்டா அடிச்ச?' என்பதைவிட 'அதுக்கு முன்னாடி என்னப்பா நடந்துச்சு?' என்ற கேள்வி பயன் தரும். கோபம் அடங்கிய பிறகு, தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பயப்படும் காரியத்தைச் சிறுசிறு படிகளாகச் செய்யப் பழக்குகிறார்கள்: முதலில் ஒருவர் முன் இரண்டு வரி வாசிப்பது, பிறகு நால்வர் முன் ஒரு பத்தி. ஓடாமல் நின்றாலும் படபடப்பு தானே தணியும் என்று பிள்ளையே கண்டுகொள்கிறான்.

பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் தொடங்கலாம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தேவையென்றால் அங்கிருந்தே மனநல நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555. மருத்துவரிடம் பிள்ளையின் கோபத்தை மட்டும் சொல்லாமல், தூக்கம், வயிற்றுவலி, பள்ளிக்குக் கிளம்பும் காலைநேரம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.